வகைக்காரரின் வயிற்றெரிச்சல்

வகைக்காரர் என்ற பட்டப்பெயரை அவருக்கு வைத்தவர் அலுவலகத்துக் கணக்காளர். கேலியாகத்தான் வைத்தார். ஆனால் வாங்கிக்கொண்டவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. வாடிக்கையாளர் யாராவது தொலைபேசியில் "வகைக்காரர் இருக்காரா?" என்று கேட்டுவிட்டால் போதும், நாற்காலி உருண்டு சுவரில் இடிக்கிற வேகத்தில் எழுந்து போவார்.

டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். வெயில் ஏறினால் ரப்பர் நாற்றமும் சேர்ந்து படியேறி வரும். பத்திரிகை, பள்ளிக்கூடம், அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்கு அவர்களுடைய எழுத்து, படம், தகவல் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கக் கணினிக்குள் ஒரு களஞ்சியம் அமைத்துக் கொடுப்பதுதான் அங்கே நடந்த தொழில். புதிதாகத் திறந்த களஞ்சியம் ஒன்றும் தெரியாதது. கோப்பு என்றால் தெரியும், கோப்பைப் போடுகிற அடுக்கு என்றால் தெரியும். அதற்குமேல் கேட்டால் விழிக்கும். பத்திரிகைக்காரருக்குச் 'செய்தி' என்று ஒரு வகை வேண்டும். அதில் தலைப்புக்கு ஒரு கட்டம், எழுதியவருக்கு ஒரு கட்டம். அருங்காட்சியகத்தாருக்கு 'பொருள்' என்று ஒரு வகை வேண்டும். எங்கே கிடைத்தது, உடைந்ததா, முழுசா என்று அவர்களுக்கு வேறு கட்டங்கள். எந்தக் கட்டத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும், எதைச் சும்மா விடலாம் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒவ்வொரு களஞ்சியத்திலும் கையால் அமைத்தவர் வகைக்காரர். அதற்கு அவர் நேரிலேயே போவார். போன இடத்தில் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் நல்ல நாற்காலி அவருக்குத்தான். காப்பி வரும், பிஸ்கெட் வரும். வேலை முடிந்து, முதல் செய்தியோ முதல் பொருளோ கட்டம் கட்டமாகத் திரையில் வந்து நிற்கும்போது, "நீங்க வந்தாதான் சார் இதுக்கு உயிரே வருது" என்பார்கள். அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து, சட்டையைக் கழற்றுவதற்குள் மனைவியிடம் சொல்லிவிடுவார்.

மனைவியும் அதே தொழில் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் கணினிக்கு நிரல் எழுதுகிற வேலையில் இருந்தாள். மகள் பிறந்ததும் விட்டாள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, "அவங்களைச் சும்மா வீட்டுல வெச்சிருக்கீங்களே, இங்க அனுப்புங்க" என்று முதலாளியே கேட்டார். வகைக்காரருக்கு அப்போது மனம் நிறைந்த சந்தோஷம். ஒரே ஸ்கூட்டரில் போகலாம், ஒரே கேரியரில் சாப்பிடலாம். அவளுக்கு இடம் கிடைத்தது ஓர் இரும்பு பீரோவுக்கு அந்தப் பக்கம். முகம் தெரியாது, விசைப்பலகை சத்தம் மட்டும் கேட்கும்.

ஒருநாள் கேரியரைப் பிரித்துக்கொண்டே அவள் கேட்டாள்: "ஒவ்வொரு இடத்துக்கும் போய் இதையேதான் அடிக்கறீங்களா?"

"இதையேன்னா? ஒவ்வொரு இடமும் வேற வேறம்மா. பத்திரிகைக்காரன் கேக்கறதை மியூசியத்துக்காரன் கேப்பானா?"

"சரி, அந்த வேற வேறயை எல்லாம் ஒரு கோப்புல எழுதி வெச்சிடலாமே. களஞ்சியம் முதல்ல எழுந்திருக்கும்போதே அந்தக் கோப்பைப் படிச்சு, வகையெல்லாம் தானே அமைச்சுக்கட்டும்."

வகைக்காரர் சிரித்துவிட்டார். "எழுந்திரிச்சதும் தானே பல்லு வெளக்கி, தானே குளிச்சு, சட்டை மாட்டிக்கிட்டு வந்து நிக்குமா? நம்ம பொண்ணே செய்ய மாட்டேங்குறா."

அவளும் சிரித்தாள். பேச்சு அதோடு போயிற்று என்று அவர் நினைத்தார். பீரோவுக்கு அந்தப் பக்கம் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் முதலாளி எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். சுவரில் பெரிய திரை. மனைவி ஒரு வெறும் களஞ்சியத்தைத் துவக்கினாள். கறுப்புத் திரையில் வரிகள் மளமளவென்று ஓடின. செய்தி வகை அமைந்தது, இரங்கல் வகை அமைந்தது, விளம்பர வகை அமைந்தது. முதலாளி எழுந்து நின்று, திரைக்குப் பக்கத்தில் போய்த் தொட்டுக்கூடப் பார்த்தார்.

"யாரும் அடிக்கலை?"

"இல்லை சார். கோப்புல இருக்கறதை அதுவே படிச்சுக்குது. ஏற்கெனவே இருக்கற வகையா இருந்தா, மாறியிருக்கான்னு பாத்து மாத்திக்கும்."

"அப்போ இனிமே ஆள் போகவே வேண்டாம்!" என்றார் முதலாளி. சொல்லி முடித்த பிறகுதான் வகைக்காரர் எதிரே நிற்பது அவர் கண்ணில் பட்டது. தோளில் தட்டி, "உங்களுக்கு அலைச்சல் மிச்சம்" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். வகைக்காரரும் தட்டினார். தட்டிக்கொண்டே மனைவியைப் பார்த்தார். அவள் முகம் சிவந்து, என்ன செய்வதென்று தெரியாமல் மௌஸின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அழகாக இருந்தாள். அதைப் பார்த்ததும் அவர் வயிற்றில் ஏதோ பற்றிக்கொண்டது. முதலில் பசி என்றுதான் நினைத்தார்.

பக்கத்து மேஜைக்காரன்மேல் பொறாமை என்றால் நாலு பேரிடம் சொல்லிப் புலம்பலாம். அண்ணன் தம்பிமேல் என்றால் மனைவியிடம் சொல்லலாம். மனைவி மேலேயே என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? வகைக்காரர் அதை விழுங்கிவிட்டு நடமாடினார். அது உள்ளே போய்ச் சும்மா இருக்கவில்லை.

காலையில் ஸ்கூட்டரை நிறுத்தியதும் டயர் கடைக்காரர் "வணக்கம்மா" என்று அவளுக்குத்தான் முதலில் சொன்னதாகப் பட்டது. கணக்காளர் காப்பி ஊற்றும்போது அவள் கோப்பையில் நுரை அதிகமாகத் தெரிந்தது. முதலாளி அவளை "நீங்க" என்று கூப்பிடும்போது ஒரு குழைவு, தன்னைக் கூப்பிடும்போது ஒரு வறட்சி. இப்படி ஒன்று விடாமல் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டார். வீட்டில் மகள் வீட்டுப்பாடத்தில் சந்தேகம் வந்தால் முன்பெல்லாம் அப்பாவிடம் ஓடி வருவாள். இப்போது அவள் "அம்மா" என்று ஆரம்பித்தாலே, "ஆமா, அம்மாதான் எல்லாம் தெரிஞ்சவங்க, போய்க் கேளு" என்று வெடுக்கென்று விழுந்தார். அந்தக் குழந்தை தண்ணீர் கேட்கத்தான் அம்மாவைக் கூப்பிட்டிருந்தது.

மனைவி ஒன்றும் புரியாமல், "உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அந்தக் கை இதமாகத்தான் இருந்தது. அந்த இதமும் எரிந்தது.

பழைய வாடிக்கையாளர்களையும் புதிய முறைக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. அவரவர் வகைகளைக் கோப்பில் எழுதித் தரும் வேலை வகைக்காரருக்கு. எழுதிக்கொண்டே வந்தவர் விலங்குக் காப்பகத்துக்கு வந்ததும் நிறுத்தினார். தெருவில் அடிபட்ட நாய், கைவிட்ட பூனை எல்லாம் எடுத்து வளர்த்து, கேட்பவர்களுக்குக் கொடுக்கிற இடம் அது. அவர்களுடைய களஞ்சியத்தில் 'விலங்கு' என்று ஒரு வகை. அதைப் பல வருஷங்களுக்கு முன்னால் அவர்தான் அமைத்தார். பிறந்த தேதி கட்டாயம் என்று முதலில் போட்டிருந்தார். காப்பகத்தை நடத்துகிற அம்மாள் பார்த்துவிட்டு, "தெருநாய்க்குப் பிறந்த தேதியை எந்த ஆஸ்பத்திரியில போய்க் கேக்கறது சார்?" என்று சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டே, அங்கேயே உட்கார்ந்து அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார். அலுவலகத்தில் இருந்த மூலப்படியில் அதைத் திருத்தவில்லை. அதில் இன்றும் கட்டாயம் என்றுதான் இருந்தது.

மூலப்படியைப் பார்த்து எழுதிய இந்தக் கோப்பு போய் அந்தக் களஞ்சியத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். தேதி இல்லாத நாய்கள் உள்ளே நிறைந்து கிடக்க, தேதி கட்டாயம் என்று புதுச்சட்டம் வந்தால், களஞ்சியம் முரண்டு பிடிக்கும். எழுந்திருக்கவே மாட்டேன் என்று படுத்துவிடும்.

பீரோவைச் சுற்றிக்கொண்டு மனைவி வந்து நின்றாள். "ஏங்க, பழைய இடங்கள்ல நீங்க அங்கயே கையால மாத்தினது ஏதாவது இருக்கா? காப்பகத்துக் கணினி அங்கயேதான் இருக்கு, நகல் எடுத்துப் பாக்க வழியில்லை. உங்க ஞாபகம்தான்."

வகைக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லை" என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லைங்கறேன்ல."

அவள் போய்விட்டாள். விசைப்பலகை மறுபடி ஒலித்தது. ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிடலாம் என்று அவருக்குத் தோன்றத்தான் செய்தது. அதற்குள் முதலாளி பீரோவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "பிரமாதம், பிரமாதம்" என்றார். வகைக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

காப்பகத்துக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். அன்று அங்கே திறந்த நாள். நாய் வேண்டுபவர்களும் பூனை வேண்டுபவர்களும் குழந்தை குட்டிகளோடு வருகிற நாள். முன்னறையில் ஒரு பெரிய திரை. அதில் ஒவ்வொரு விலங்கின் படமும் குணமும் வரும், பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். கூட்டம் வருவதற்குள் மாற்றி முடித்துவிடலாம் என்று ஏற்பாடு. காப்பகத்து அம்மாள் வாசலுக்கே வந்து, "வாங்க வகைக்காரரே, இவங்கதான் உங்க வீட்டுக்காரங்களா?" என்று வரவேற்றாள். அவருக்குக் கொஞ்சம் குளிர்ந்தது. ஆனால் அங்கே மூன்று காலில் நொண்டிவரும் ஒரு கிழட்டு நாய் உண்டு. எப்போது போனாலும் அவர் செருப்பின்மேல்தான் தலை வைத்துப் படுக்கும். அது அன்று வந்து, இரண்டு பேரையும் மோந்து பார்த்து, மனைவியின் காலடியில் போய்ச் சுருண்டது.

'நீயுமா?' என்று அதைப் பார்த்தார் வகைக்காரர்.

மனைவி களஞ்சியத்தை நிறுத்தினாள். புதிய நிரலையும் அவர் எழுதிய கோப்பையும் வைத்தாள். துவக்கினாள். வரிகள் ஓடின. பாதியில் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது: விலங்கு வகையை மாற்ற முடியவில்லை. அதோடு எல்லாம் நின்றுபோயிற்று.

மறுபடி துவக்கினாள். மறுபடி சிவப்பு. முன்னறைத் திரை வெள்ளையாகக் கிடந்தது. வாசலில் பேச்சுக் குரல்கள் வர ஆரம்பித்தன. ஒரு சிறுமி, "என் நாய்க்குட்டி எங்க?" என்று சிணுங்கினாள். மனைவி நிரலைத் திறந்து மேலும் கீழுமாகத் தேடினாள். விலங்கு வகையில் ஏகப்பட்ட கட்டங்கள். எது தகராறு செய்கிறது என்று அந்தச் சிவப்பு வரி சொல்லவில்லை. அவள் மேலுதட்டில் வியர்த்தது. ஒருமுறை திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் ஜன்னல் வழியே கூண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் அவருக்கு எப்படி இருந்தது என்றால், வெயிலில் அலைந்து வந்தவன் மண்பானைத் தண்ணீரைக் குடிக்கிற மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நீட்டினார்.

"வகைக்காரர் சார், நீங்க கொஞ்சம் பாருங்களேன்" என்றாள் காப்பகத்து அம்மாள் கடைசியில்.

அவர் போய் உட்கார்ந்தார். கோப்பைத் திறந்தார். விலங்கு வகைக்கு நேராகப் போனார். பிறந்த தேதி, கட்டாயம். அந்த ஒரு சொல்லை அழித்தார். துவக்கினார். வரிகள் ஓடி முடிந்தன. முன்னறையில் ஒரு காது கிழிந்த நாயின் படம் பளிச்சென்று வந்தது. கூட்டம் 'ஹா' என்றது.

"அனுபவம்னா சும்மாவா!" என்றாள் காப்பகத்து அம்மாள். காப்பி வந்தது. அவர் பெருமையோடு மனைவி பக்கம் திரும்பினார். அவள் திரையைப் பார்க்கவில்லை. விசைப்பலகைமேல் இருந்த அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் அவள் அவர் தோளைப் பிடிக்கவில்லை, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சிக்னலில் வண்டி நின்றது.

"தேடவே இல்லையே நீங்க" என்றாள்.

"என்ன?"

"நான் அவ்வளவு நேரம் தேடினேன். நீங்க தேடவே இல்லை. நேரா அந்த வரிக்குப் போனீங்க."

"அனுபவம்" என்றார் அவர். சொல்லும்போதே குரல் பிசிறியது. பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அவர் வண்டியை எடுத்தார்.

வீட்டில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் மறுபடி கேட்டாள். "முன்னாடியே தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க."

வகைக்காரர் தண்ணீர்க் குழாயைத் திறந்தார், மூடினார். "தெரியும்" என்றார்.

"ஏன்?"

"எல்லாரும் உன்னையே..." அதற்குமேல் வாக்கியம் வரவில்லை. நரைக்க ஆரம்பித்த ஆண் ஒருவர், சின்னப் பிள்ளை பலூனுக்கு அழுவது போன்ற காரணத்தை, பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டியிருந்தது. பாதியாகச் சொன்னாலும் அவளுக்கு முழுதாகப் புரிந்துவிட்டது.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு மெதுவாகத்தான் பேசினாள்.

"குழந்தை பிறந்து நான் வீட்டுல இருந்தேனே, அப்போ நீங்க தினமும் வந்து சொல்வீங்க. அங்க நாற்காலி போட்டாங்க, இங்க காப்பி குடுத்தாங்க, நீங்க வந்தாதான் உயிர் வருதுன்னாங்கன்னு. கையில பால் பாட்டிலோட நின்னு கேப்பேன். வயிறு எரியும் எனக்கு. இந்த வேலையை உங்களைவிட நான் நல்லா செய்வேனேன்னு எரியும். ஒருநாளாவது உங்க வேலையைக் கெடுக்கணும்னு நினைச்சிருக்கேனா? உங்க சட்டையைத் தேய்ச்சுக் குடுத்துதானே அனுப்பினேன்?"

அவருக்கு, இத்தனை வருஷம் அவள் பொறாமைப்பட்டதே தெரியாமல் இருந்திருக்கிறோம் என்பது முதலில் உறைத்தது. அவள் அதைத் தன்னைவிட ஒழுங்காகப் பட்டிருக்கிறாள் என்பது அடுத்து உறைத்தது.

மறுநாள் அலுவலகத்தில் முதலாளி காப்பகத்தில் நடந்ததைப் பற்றிக் கேட்டார். பீரோவுக்கு இந்தப் பக்கம் வகைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது சொல்லப்போகிறாள், சொல்லட்டும், தலை தொங்கினால் தொங்கட்டும்.

"என் தப்பு சார்" என்றாள் மனைவி. "எந்தக் கட்டத்துல சிக்கல்னு சொல்ற மாதிரி எழுதியிருக்கணும். எழுதலை. சரி பண்ணிடறேன்."

முதலாளி, "பரவாயில்லை, உங்க வீட்டுக்காரர் காப்பாத்திட்டாரு" என்று சிரித்துவிட்டுப் போனார்.

வகைக்காரருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. நல்லவளாக இருப்பதிலும் முந்திக்கொண்டாளே என்று மறுபடி பற்றி எரிந்தது. தப்பைத் தான் செய்ய, பழியை அவள் எடுத்துக்கொண்டு, அந்தப் பெருமையும் அவளுக்கே போய்ச் சேர்வதா? அதைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல்தான் அவர் எழுந்து முதலாளி அறைக்குப் போனார். பிற்பாடு நண்பர்கள் யாராவது "மனசாட்சி உறுத்தி ஒத்துக்கிட்டியா?" என்று கேட்டால், "அதெல்லாம் இல்லை, அதுவும் பொறாமைதான்" என்று அவரே சொல்வார்.

முதலாளி கதவைச் சாத்திவிட்டு நன்றாகத் திட்டினார். டயர் கடை வரை கேட்டிருக்கும். "வாடிக்கையாளர் முன்னாடி நம்ம மானம் போயிருந்தா?" என்றார். "சின்னப் பசங்க கூட இப்படிச் செய்ய மாட்டாங்க" என்றார். காப்பகத்து அம்மாளிடம் உடனே மன்னிப்புக் கேட்கச் சொன்னார். வகைக்காரர் அவர் எதிரிலேயே தொலைபேசியை எடுத்தார். அந்த அம்மாள் முழுதும் கேட்டுவிட்டு, "பொறாமையா சார்? கூண்டு கூண்டா வெச்சிருக்கேன், காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அதைத்தான் பாக்கறேன்" என்றாள். பிறகு, "ஆனா அந்தக் குழந்தை அழுதுச்சு பாருங்க, அது மட்டும் எனக்குப் பிடிக்கலை" என்று சேர்த்தாள்.

வேலை போகவில்லை. பழைய வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் போய், எந்த வகையில் எதைக் கையால் மாற்றினார் என்று பார்த்து, அவரவருக்குத் தனிக் கோப்பு எழுதிவர வேண்டும் என்று உத்தரவாயிற்று. எழுதியதை மனைவி சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வைக்கலாம். அந்தக் கடைசி விதியைக் கேட்டபோது அவர் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆயிற்று. ஆனால் தலையாட்டினார்.

மனைவி அவர் ஒத்துக்கொண்டதைக் கணக்காளர் வாயிலாகத்தான் கேள்விப்பட்டாள். அதற்காக உருகிவிடவில்லை. கொஞ்ச நாள் கேரியர் இரண்டாகப் பிரிந்தது. வேலை விஷயம் மட்டும் பேசினாள். பிறகு ஒருநாள், அருங்காட்சியகக் கோப்பைச் சரிபார்க்கும்போது, "இந்த 'உடைந்த துண்டு'க்கு ஏன் தனி வகை?" என்று கேட்டாள். அவர் அங்கே இருந்த ஒரு காவலாளி எந்தப் பானையை எப்படி உடைத்தார் என்ற கதையைச் சொன்னார். அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அன்று மாலை ஸ்கூட்டரில் அவர் தோளில் கை வந்து உட்கார்ந்தது.

வருஷக் கடைசியில் நிரல் பிரிவுக்கு அவளைத் தலைவியாக்கினார்கள். அவளுக்குத் தனி அறை, கண்ணாடிக் கதவு. பீரோவுக்கு அந்தப் பக்கம் வேறொருவர் வந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு ஒரு வாரப் பத்திரிகையில் புதுக் களஞ்சியம் திறந்தார்கள். வகைக்காரரையும் போய்வரச் சொன்னார் முதலாளி. அங்கே அவருக்குச் செய்ய எதுவும் இல்லை. பின்வரிசையில், மின்விசிறிக் காற்று எட்டாத ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். களஞ்சியம் எழுந்தது. வகைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே அமைந்து நின்றன. ஆசிரியர் வியந்துபோய்த் திரும்பி, "இதை யார் சார் செஞ்சது?" என்று அவரைக் கேட்டார்.

"நாங்கதான்" என்று சொல்லலாம், பொய்யும் இல்லை. வகைக்காரர் ஒருமுறை கனைத்துக்கொண்டார்.

"என் வீட்டுக்காரி" என்றார்.

"அப்படியா! கெட்டிக்காரங்க."

"ஆமா" என்றார் அவர். பாதி பெருமையாக இருந்தது, பாதி எரிந்தது. எரிந்த பாதியோடு அங்கே கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று அலுவலகத்துப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.